பட்டன் அழுத்தியும் அடி வரவில்லையா? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு அறிகுறி வாரியாகக் கோளாறு தேடும் வழி

சண்டை கேமில் தோற்றதும் வாயில் வருகிற முதல் வார்த்தை லேக், அதாவது தாமதம். டிவியின் தாமதம், வீட்டு வைஃபை, எதிராளியின் திணறும் கம்ப்யூட்டர், நம் கை போட்ட தப்பு, கேமின் விதி தெரியாமல் அழுத்தியது என்று இந்த ஐந்தும் திரையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். வைத்தியம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் புது கன்ட்ரோலர் வாங்குகிறவர்களும், நெட் பிளானை 300 எம்பிபிஎஸ்-க்கு ஏற்றுகிறவர்களும் நிறைய, அதற்கப்புறமும் அதே ட்ராகன் பஞ்ச் (ஷோர்யூகென் என்கிற மேலெழும் குத்து) வராமல் கஷ்டப்படுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2023 ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐ வைத்தே சொல்கிறேன், காரணம் அதன் ட்ரெய்னிங் மோடு எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறது. டெக்கன் 8, கில்ட்டி கியர் ஸ்ட்ரைவ் ஆடுகிறவர்களுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

ஒரே ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். கேம் ஒரு நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) ஓடுகிறது, அதாவது ஒரு ஃபிரேம் 16.67 மில்லிசெகண்ட். கீழே வருகிற எல்லாத் தாமதத்தையும் இந்த அளவுகோலில்தான் பார்க்க வேண்டும். அப்புறம் வரிசையும் முக்கியம்: முதலில் நெட் இல்லாமல் ஆடிப் பாருங்கள், அது சரியாக இருந்தால் மட்டும் நெட்டுக்குப் போங்கள், நெட்டும் சரி என்றால் கேமின் விதிக்குப் போங்கள்.

நெட் இல்லாமலே மெதுவாக இருக்கிறது

ட்ரெய்னிங் மோடில் ரியூ என்கிற பாத்திரத்தை எடுத்து நின்றபடி லைட் பஞ்ச் அழுத்துங்கள். 4 ஃபிரேமில் படுகிற அடி அது, கேமிலேயே வேகமான வகை. அதுவே இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தால் இன்டர்நெட்டை விட்டுவிடுங்கள், கோளாறு உங்கள் அறைக்குள் இருக்கிறது.

பெரும்பாலும் டிவிதான். சினிமா மோடு, ஸ்டாண்டர்டு மோடு எல்லாம் ஒவ்வொரு படத்தையும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அசைவை வழவழப்பாக்குகிற அமைப்பு வேறு அதற்கு மேல் சேர்ந்துகொள்ளும். இப்படி 100 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்கிற டிவிகள் உண்டு, அது 6 ஃபிரேம், ரியூவின் லைட் பஞ்ச் கிளம்பி எதிராளி மேல் பட்டு முடிந்துவிடுகிற நேரம். கேம் மோடு போட்டவுடன் இந்த வேலைகளில் பெரும்பாலானவை நின்றுவிடும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: சில டிவிகளில் கேம் மோடு ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனி, ஆகவே கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் பழைய மோடுக்கே திரும்பியிருக்கும். நடுவில் சவுண்ட்பார் வழியாகப் படம் போகிறதென்றால் ஒருமுறை அதைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

சந்தேகமாக இருந்தால் போன் போதும். ஸ்லோ மோஷனில் 240 ஃபிரேம் எடுக்கிற போன் என்றால் போனின் நான்கு படம் கேமின் ஒரு ஃபிரேம். கட்டை விரலும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி படம் பிடித்து, பட்டன் அமுங்கிய படத்திலிருந்து திரையில் தோள் அசைகிற படம் வரை எண்ணுங்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது, கேமுக்கென்று ஒரு தாமதம் எப்போதும் உண்டு. இதே சோதனையை இன்னொரு திரையிலோ கேம் மோடு மாற்றியோ செய்து, வித்தியாசத்தைப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் வி-சிங்க்கை (படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கிற அமைப்பு) அணைத்துப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், ஃபிரேம் 60-க்குக் கீழே ஒருபோதும் இறங்கக்கூடாது. கேமை உருவாக்கிய கேப்காம் இதற்கென்றே இலவசமாக ஒரு பெஞ்ச்மார்க் வெளியிட்டிருக்கிறது, அதை ஓட்டிப் பார்த்துவிட்டு நிழல், பின்னணிக் கூட்டம் எல்லாவற்றையும் தயங்காமல் குறையுங்கள். சண்டை கேமில் அழகு பின்னால்தான்.

ஹடோகென் கேட்டால் ஷோர்யூகென் வருகிறது, அல்லது எதுவுமே வரவில்லை

ட்ரெய்னிங் மோடில் கீ ஹிஸ்டரியைத் திறந்து வையுங்கள். திரை ஓரத்தில் நீங்கள் கொடுத்த திசையும் பட்டனும் ஒவ்வொன்றாக ஓடும். பெரும்பாலான சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முன்னால் நடந்துகொண்டே ஹடோகென் (தூர எறிகிற சக்திப் பந்து) போட்டால் ஷோர்யூகென் வருவது மிகச் சாதாரணம். ஷோர்யூகெனுக்கு முன், கீழ், கீழ்-முன் என்று திசை வேண்டும். நடப்பதற்காக ஏற்கெனவே முன்னால் பிடித்திருக்கிறீர்கள், அதற்கப்புறம் ஹடோகெனுக்காகக் கீழே தொடங்கி முன்பக்கமாகக் கால்பங்கு வட்டம் போட்டால் கேம் கண்ணில் முன், கீழ், கீழ்-முன் முழுசாக வந்துவிடுகிறது. கேம் தப்பாகப் படிக்கவில்லை, நீங்கள் கொடுத்ததைத்தான் படித்தது. கால்பங்கு வட்டம் தொடங்குமுன் குச்சியை ஒரு கணம் நடுவுக்கு விடுங்கள், அந்தப் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

கீ ஹிஸ்டரியில் மூலைத் திசை விழவே இல்லை என்றால் கை அல்லது கருவி. தேய்ந்த அனலாக் குச்சியில் மூலைத் திசை தவறும், டி-பேடுக்கு மாறிப் பாருங்கள். நீங்கள் தொடாதபோதும் திசை தானாக ஓடினால் குச்சி தேய்ந்துவிட்டது, டெட்ஜோனை (குச்சியின் லேசான அசைவைக் கண்டுகொள்ளாத அளவு) கூட்டி ஓட்டலாம், ஆனால் அது தற்காலிகம்தான். ஸ்டீம் வழியாக ஆடும்போது ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பும் கேமின் அமைப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரு பட்டனுக்கு இரண்டு வேலை நடப்பதும் உண்டு. ஒன்றை அணையுங்கள். குச்சியே இல்லாத பட்டன் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் இடமும் வலமும் சேர்த்து அழுத்தினால் என்ன வருகிறது என்று பாருங்கள். நடு நிலை வர வேண்டும்.

திசையும் பட்டனும் சரியாக விழுந்தும் ஸ்பெஷல் (ஹடோகென் மாதிரி திசையும் பட்டனும் சேர்த்துப் போடுகிற அடி) வரவில்லையா, அப்போது நேரம்தான் தப்பு: முந்தைய அடியின் மீட்பு (அடித்த பின் பழைய நிலைக்குத் திரும்புகிற நேரம்) முடியுமுன் அழுத்திவிட்டீர்கள். பட்டனை விடும்போதும் ஸ்பெஷல் வருவதற்கு நெகட்டிவ் எட்ஜ் என்று பெயர். கேட்காத ஸ்பெஷல் தானாகக் கிளம்புகிறது என்பவர்கள் கன்ட்ரோல் அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள்.

ஆஃப்லைனில் அருமை, ஆன்லைனில் எதிராளி இடம்விட்டு இடம் தாவுகிறார்

இங்கேதான் விஷயம் அதிகம், பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ரோல்பேக் முறையில் ஓடுகிறது. எதிராளியின் பட்டன் வந்து சேரும்வரை உங்கள் கேம் காத்திருக்காது. அவர் போன ஃபிரேமில் செய்ததையே இப்போதும் செய்கிறார் என்று ஊகித்து ஓடிக்கொண்டே இருக்கும், உண்மையான பட்டன் வந்த பிறகு ஊகம் தப்பென்று தெரிந்தால் சில ஃபிரேம் பின்னால் போய், திருத்திக் கணக்குப் போட்டு, மறுபடி இப்போதைய ஃபிரேமுக்கு வரும். ஈவோ போட்டியை நிறுவியவர்களில் ஒருவரான டோனி கேனன் 2006 வாக்கில் உருவாக்கிய ஜிஜிபிஓ-தான் இந்த முறையைச் சண்டை கேம்களுக்குள் கொண்டு வந்தது, 2019-ல் அதன் மூல நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். உங்கள் பட்டன் தாமதமில்லாமல் வருகிறது, அதற்குப் பதிலாகத் திருத்தம் நடக்கும்போது எதிராளி தாவுகிறார். ஒன்றிரண்டு ஃபிரேம் திருத்தம் கண்ணுக்கே தெரியாது. ஏழெட்டு ஃபிரேம் என்றால் அடியின் தொடக்கத்தையே பார்க்காமல் அடியை மட்டும் பார்ப்பீர்கள்.

பிங் (ஒரு செய்தி போய்த் திரும்பி வர ஆகிற நேரம்) அதிகமாக இருப்பதைவிடப் பிங் ஏறி இறங்கி ஆடுவதுதான் மோசம். 80 மில்லிசெகண்டிலேயே நிலையாக நிற்கிற இணைப்பில் நன்றாக ஆடலாம், 20-க்கும் 150-க்கும் இடையில் குதிக்கிற இணைப்பில் ஆட முடியாது. இதை நெட் விற்கிறவர்கள் யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை, அவர்கள் சொல்கிற எம்பிபிஎஸ் இந்த கேமுக்குக் கிட்டத்தட்டத் தேவையே இல்லை, அனுப்புவது பட்டன் விவரம் மட்டும்தான்.

எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரில் இரண்டு கருப்புத் திரை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டரையும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) இன்னொன்றில் வெளியே 8.8.8.8-ஐயும் விடாமல் பிங் செய்யுங்கள். ரவுட்டருக்குப் போகிற பிங்கே 2, 3, 90, 4, 60 என்று குதித்தால் குற்றவாளி வைஃபை. ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தாலும் சரி, 5 கிகாஹெர்ட்ஸ் ஆனாலும் சரி, ரவுட்டரிலிருந்து நெட் கேபிள் போடுங்கள். கேட் 5இ கேபிள் போதும், விலையும் அதிகமில்லை. வீட்டில் கேபிள் இழுக்கவே முடியாது என்றால் 2.4-ஐ விட்டு 5-க்கு மாறி, ரவுட்டருக்கும் உங்களுக்கும் நடுவில் சுவர் இல்லாத இடம் பாருங்கள். அது இரண்டாம்பட்சம்தான்.

ரவுட்டர் பிங் 1, 1, 1 என்று அமைதி, ஆனால் வீட்டில் யாராவது போட்டோ பேக்கப் போடுகிறபோதோ வீடியோ காலில் இருக்கிறபோதோ வெளிப் பிங் எகிறுகிறது என்றால் அது வேறு நோய். ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) நீளமான வரிசையில் நிற்கின்றன, உங்கள் சின்ன பட்டன் விவரம் அந்த பேக்கப்புக்குப் பின்னால் நிற்கிறது. ரவுட்டர் அமைப்பில் எஸ்கியூஎம் அல்லது கியூஓஎஸ் (இந்த வரிசையைச் சீராக்குகிற அமைப்புகள்) இருந்தால் இயக்கி, அப்லோடு அளவை உண்மையான வேகத்தில் 85-லிருந்து 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். வேகம் கொஞ்சம் போகும், வரிசை காணாமல் போகும். நல்ல பேரம்.

வைஃபையும் வீட்டு வரிசையும் சுத்தம், மாலையில் மட்டும் வெளிப் பிங் ஆடுகிறது என்றால் அது நெட் கொடுக்கிறவர் பக்கத்து நெரிசல். எந்த நேரத்தில் எவ்வளவு என்று திரைப் படத்தோடு புகார் கொடுங்கள், வெறுமனே நெட் ஸ்லோ என்று சொன்னால் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசியாகத் தூரம். இதற்கு மருந்தே கிடையாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் 3000 கிலோமீட்டருக்கு மேல், போய்வர 30 மில்லிசெகண்டுக்குக் குறையாது, இரண்டு ஃபிரேம். அதாவது சென்னைக்காரர் சிங்கப்பூர்க்காரரோடு நன்றாகவே ஆடலாம். ஐரோப்பாக்காரரோடு ஆடினால் கேபிள் போட்டாலும் தாவல் இருக்கத்தான் செய்யும், கேமைத் திட்டிப் பயனில்லை. எதிராளியை ஏற்கும் முன் கேம் இணைப்புக் கோடுகளையும் அவர் கேபிளா வைஃபையா என்பதையும் காட்டுகிறது. அதைப் பார்த்து மறுப்பது மரியாதைக் குறைவு இல்லை.

எதிராளி மட்டும் தாவவில்லை, ஆட்டமே தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி மெதுவாகிறது

பெரும்பாலும் ஒருவரது கருவி 60 ஃபிரேமை எட்டவில்லை. ரோல்பேக் நடக்கும்போது 16.67 மில்லிசெகண்டுக்குள் பல ஃபிரேம்களின் கணக்கைத் திரும்பப் போட்டாக வேண்டும், ஆஃப்லைனில் அரும்பாடுபட்டு 60 தொடுகிற கம்ப்யூட்டர் ஆன்லைனில் அங்கேதான் விழும். முதலில் உங்கள் பக்கத்து எண்ணைப் பாருங்கள். உங்களுடையது அசையாமல் 60 என்றால் எதிராளியுடையது, அடுத்தவரைத் தேடுங்கள்.

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் ஆடுகிறவர்களுக்கு இந்த மெதுவான ஓட்டம் பழக்கம். அது காத்திருந்து ஓடுகிற பழைய முறை, இருவரில் யாருடைய நெட் தடுமாறினாலும் இருவருக்கும் சேர்ந்து நிற்கும். நின்டெண்டோ ஸ்விட்ச்சின் டாக்கில் (டிவியோடு இணைக்கிற தாங்கி) லேன் அடாப்டர் போடுவதுதான் அங்கே செய்யக்கூடிய ஒரே உருப்படியான காரியம்.

எனக்கு மட்டும் தாவுகிறது, அவருக்கு ஒன்றுமே இல்லையாம்

பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். இரு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போகாமல் ஒன்று முன்னால் ஓடினால், முன்னால் ஓடுகிறவருக்குத்தான் எல்லாத் திருத்தமும் விழும், பின்னால் இருப்பவருக்கு ஆட்டம் பட்டுப்போல ஓடும். 2016-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-ல் இது பல வருடம் பெரிய புண், 2020 தொடக்கத்தில்தான் ஓரளவு ஆறியது. 6-ல் அந்த அளவுக்கு வராது. வந்தால் அறையை மூடி இருவரும் புதிதாக இணையுங்கள்.

ஆளே கிடைக்கவில்லை, அல்லது இணையும்போதே அறுந்து போகிறது

ஆள் கிடைக்கவில்லை என்றால் முதலில் உங்கள் வடிகட்டிகளைப் பாருங்கள்: இணைப்பு 5 கோடு மட்டும், கிராஸ்பிளே (வேறு வகைக் கருவிக்காரர்களோடு ஆடுவது) வேண்டாம் என்று வைத்துக்கொண்டு நள்ளிரவில் தேடினால் யார் வருவார். கிராஸ்பிளேயை இயக்குங்கள்.

இணையும்போதே அறுந்தால் நாட் (வீட்டு முகவரியைப் பொது முகவரியாக மாற்றுகிற வேலை) சிக்கல். பிளேஸ்டேஷன் டைப் 3 என்று காட்டினாலோ எக்ஸ்பாக்ஸ் ஸ்ட்ரிக்ட் என்று காட்டினாலோ ரவுட்டரில் யுபிஎன்பி-யை (கேமுக்கு வேண்டிய வழியைத் தானே திறக்கிற அமைப்பு) இயக்குங்கள். நெட்காரர் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்களே வாங்கிய ரவுட்டரையும் வைத்திருந்தால் இரண்டில் ஒன்றை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் வெறும் பாலமாக) போடுங்கள். எதுவும் பலிக்கவில்லையென்றால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி (ரவுட்டரின் வெளி முகவரி) என்ன என்று பாருங்கள், 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள், உங்கள் ரவுட்டரில் என்ன திருகினாலும் அது மாறாது. தனி ஐபி கிடைக்குமா என்று நெட்காரரிடம் கேட்பதுதான் வழி.

பிளாக் செய்தேன், ஆனாலும் அடி விழுகிறது

இங்கிருந்து நெட்டை மறந்துவிடுங்கள். தாழ்ந்த அடியை நின்று தடுத்தீர்களா, குனிந்திருக்கும்போது மேலிருந்து அடி வந்ததா, எதிராளி தலைக்கு மேல் தாண்டிப் பின்பக்கம் இறங்கினாரா, அல்லது அது தடுக்கவே முடியாத த்ரோவா (பிடித்து எறிவது)? ரீப்ளேவில் நிறுத்திப் பார்த்தால் இந்த நான்கில் ஒன்று இருக்கும்.

இரண்டு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். டிரைவ் கேஜ் (உயிர்ப் பட்டைக்குக் கீழே உள்ள சக்தி அளவு) 6 கட்டமும் தீர்ந்து பர்ன்அவுட் என்கிற வெறுமை நிலையில் நின்றால் ஸ்பெஷல் அடிகளைத் தடுத்தாலும் உயிர் குறையும், தடுத்த பிறகு விடுபடவும் 4 ஃபிரேம் கூடுதலாகும். அடுத்தது டிரைவ் இம்பேக்ட், அடி வாங்கிக்கொண்டே பாய்கிற பெரிய அடி. சுவர் பக்கத்தில் அதைத் தடுத்தால்கூடச் சுவரில் மோதித் திணறுவீர்கள், பர்ன்அவுட்டில் என்றால் மயங்கியே விடுவீர்கள். எதிர்ப்பு: நீங்களும் டிரைவ் இம்பேக்ட் போடுங்கள்.

பார்த்துப் போட நேரம் இல்லை என்பார்கள். டிரைவ் இம்பேக்ட் கிளம்பிப் பட 26 ஃபிரேம், 433 மில்லிசெகண்ட். கண் பார்த்து விரல் அசையச் சாதாரணமாக 200-லிருந்து 250 ஆகும், ஆகவே நேரம் இருக்கிறது. ஆனால் கேம் மோடு போடாத டிவி அதில் 100 தின்கிறது, ரோல்பேக் முதல் மூன்று நான்கு ஃபிரேமை விழுங்கினால் இன்னொரு 50, 60 போகிறது, மிச்சம் இருப்பது ஏறக்குறைய உங்கள் அனிச்சையின் எல்லை. நாள் முழுக்க ட்ரெய்னிங் மோடில் பயிற்சி செய்தும் ராங்க்டில் (தரவரிசை ஆட்டத்தில்) இம்பேக்ட் வாங்குகிறவர்கள் முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போக வேண்டியது இதனால்தான்.

என் முறைதான், அழுத்தினேன், பட்டனே வேலை செய்யவில்லை

லேக் என்று வருகிற புகார்களில் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இது. பட்டன் வேலை செய்தது. உங்கள் அடி கிளம்பிக்கொண்டிருக்கும்போதே எதிராளி அடி பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

எதிராளியின் அடியைத் தடுத்த பிறகு அவர் 2 ஃபிரேம் முந்தியிருக்கிறார் என்று வையுங்கள். இருவரும் 4 ஃபிரேம் லைட் பஞ்ச் போட்டால் அவருடையது முதலில் படும், ஒவ்வொரு தடவையும். டிரைவ் ரஷ்ஷிலிருந்து (டிரைவ் கேஜைச் செலவழித்து முன்னால் பாய்வது) வருகிற சாதாரண அடிகளுக்கு இந்த முந்துதல் இன்னும் 4 ஃபிரேம் கூடிவிடுகிறது, ஆகவே வழக்கமாக உங்கள் முறையாக இருக்கிற அதே அடிக்குப் பிறகு இப்போது அவர் முறை. மஞ்சள் பச்சைப் பாய்ச்சலோடு வந்து அடித்தால் கையை வைத்துக்கொண்டு தடுங்கள், த்ரோ 5 ஃபிரேமில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேவில் ஃபிரேம் மீட்டரை இயக்கிப் பாருங்கள். பச்சை என்றால் அடி கிளம்புகிறது, சிவப்பு என்றால் படும் நேரம், நீலம் என்றால் மீட்பு. உங்கள் வரிசையில் பச்சை தொடங்கி, சிவப்பு வருமுன் அறுந்திருந்தால் அது நெட் இல்லை, யார் முறை என்று தெரியாதது. உங்கள் வரிசையில் பச்சையே இல்லை, கீ ஹிஸ்டரியிலும் பட்டன் இல்லை என்றால் மட்டும் கன்ட்ரோலரைப் பாருங்கள். இந்த மீட்டரைக் கேமுக்குள்ளேயே வைத்ததற்காக ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐ நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் பாராட்டுவேன்.

வேர்ல்டு டூரில் ராஜா, ராங்க்டில் தினமும் தோல்வி

வேர்ல்டு டூர் என்கிற கதை மோடில் லெவல் ஏறுகிறது, உடை மாற்றினால் பலம் கூடுகிறது, பல ஆசான்களின் ஸ்பெஷலைக் கலந்து போடலாம். ராங்க்டில் இதில் ஒன்றுமே கிடையாது. கதை மோடாக அது நன்றாகவே இருக்கிறது, பயிற்சியாக எடுத்துக்கொண்டால்தான் ஏமாற்றம். ஃபைட்டிங் கிரவுண்டுக்குப் போய் உங்கள் பாத்திரத்தின் கேரக்டர் கைடை முழுசாக முடியுங்கள், அப்புறம் காம்போ ட்ரையலில் முதல் சிலது. மாடர்ன் கன்ட்ரோலில் ஆடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரே பட்டனில் போடுகிற ஸ்பெஷலுக்குச் சேதம் 80 சதவீதம்தான். அதற்கு ஈடாக, குதிக்கிறவரைக் கண்டதும் நொடியில் ட்ராகன் பஞ்ச் வருகிறது. தாராளமாக அதிலேயே ஆடுங்கள்.

ஒரு விமர்சனம் நெட்கோட் பிரமாதம் என்கிறது, இன்னொன்று குப்பை என்கிறது

நெட்கோட் என்பது ஆன்லைனில் இருவரையும் இணைத்து ஓட்டுகிற நிரல். இரண்டு விமர்சனமும் உண்மையாக இருக்கலாம். எழுதியவர் எந்த ஊர், எதிராளி எந்த ஊர், கேபிளா வைஃபையா, எந்த நேரம், கேம் வெளிவருமுன் ஆடியதா பின்னாலா என்று தெரியாமல் அந்த வரிக்கு மதிப்பில்லை. நீங்கள் விமர்சனம் எழுதுவதாக இருந்தால் ஒரே எதிராளியோடு கேபிளிலும் வைஃபையிலும் ஆடிப் பாருங்கள், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், தூர நாட்டுக்காரர் ஒருவர் என்று ஆடிப் பாருங்கள், மேலே உள்ள ஆஃப்லைன் சோதனையை அதற்கெல்லாம் முன்னால் முடித்துவிடுங்கள். படிப்பவராக இருந்தால் தேதியைப் பாருங்கள். 2018-ல் காத்திருந்து ஓடுகிற முறையில் வந்த டிராகன் பால் ஃபைட்டர்ஸீ-க்கு 2024-ல்தான் ரோல்பேக் வந்தது, அதன் ஆன்லைனைப் பற்றி 2018-ல் எழுதிய எதுவும் இன்றைய பிளேஸ்டேஷன் 5 பதிப்புக்குப் பொருந்தாது.